மாற்று நிலையம் திருச்சி

நவம்பர் 2, ஞாயிறு

காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்பே சென்னையின் வானிலை பார்த்தேன். வடகிழக்குக் காற்று, லேசான தூறல், தாழ்ந்த மேகம். பதினாறாம் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. இப்போது பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆனாலும் பார்த்தேன். அதன் பிறகுதான் பால் காய்ச்சினேன்.

பதினாறாம் தேதி 'நாரை'யின் மழைக்காலப் பறப்பு. நாரை என்பது எங்கள் விமான நிறுவனம். அதற்கு விமானம் ஒன்றுகூடக் கிடையாது. நாற்பது சொச்சம் பேர், ஆளுக்கொரு கணினி, விமானம் ஓட்டும் மென்பொருள், காதில் ஹெட்போன், அவ்வளவுதான். ஆனால் வானிலை மட்டும் பொய்யில்லை. அந்த நேரத்தில் சென்னையில் என்ன மழை பெய்கிறதோ அதுதான் எங்கள் திரையிலும் பெய்யும். மற்றவர்கள் ஓட்டுவார்கள். எனக்கு ஓட்டும் ஆசை வந்ததில்லை. நான் எரிபொருள் கணக்குப் போடுகிறவள். போய்ச் சேர இவ்வளவு, வழியில் காற்று மாறினால் இவ்வளவு, சென்னையில் இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திரும்ப வேண்டி வந்தால் இவ்வளவு. இதற்கெல்லாம் மேலே, அரை மணி நேரம் பறக்கும் அளவுக்குக் கடைசிக் கையிருப்பு. அதைத் தொடக்கூடாது. அது டாங்கில் இருக்கும்போதே சக்கரம் தரையைத் தொட்டிருக்க வேண்டும்.

கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவளுக்குப் பொழுதுபோக்கும் கணக்குதானா என்று அண்ணன் கேலி செய்வான்.

நேற்று மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. என் சிறுநீரகம் அண்ணனுக்குப் பொருந்துகிறதாம். அடுத்த நிமிடமே அண்ணி அழைத்தாள். "சமயபுரத்தா கண்ணத் தொறந்துட்டா அரசி" என்று சொல்லி அழுதாள். நான் "நல்லது அண்ணி" என்றேன். 

மதியம் ஃபேன் இறக்கைகளைத் துடைத்தேன்.

நவம்பர் 4, செவ்வாய்

அண்ணனுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். வியாழனும் சனியும் அண்ணி உடன் இருப்பாள். செவ்வாய் என் முறை. காலை இரண்டு வகுப்புகளை முடித்துவிட்டுப் போனேன். இரண்டு ஊசி குத்தி மெஷினை ஓட விட்டிருந்தார்கள்.

"வாடி. வாஷிங் மெஷின் ஓடுது, அலசி முடிக்க நாலு மணி நேரம் ஆகும்" என்றான்.

அண்ணன் தாயுமானவன் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் மேலாளராக இருந்தவன். உடம்பு இப்படி ஆன பிறகு போவதில்லை. முகம் கருத்துவிட்டது. வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த நாற்காலியில் படுத்திருந்தவரிடம் என்னைக் காட்டி, "எந்தங்கச்சி சார். இல்லாத பிளேனுக்கு இல்லாத பெட்ரோல் போட்டு, அதுல மிச்சம் வேற வெப்பா" என்றான்.

"அது பெட்ரோல் இல்லண்ணா."

"என்ன எழவோ. எங்க டிரைவருங்க டீசல் முள்ளு கீழ படுத்தப்புறம் பெரம்பலூர் வரைக்கும் ஓட்டுவானுங்க, தெரியுமா?"

"வழியில நின்னா?"

"இறங்கித் தள்ளுவோம். ஒம் பிளேன யாரு தள்ளுறது, சொல்லு?"

அடுத்த நாற்காலிக்காரர் சிரித்ததில் அவருடைய மெஷின் கத்தியது. நர்ஸ் ஓடிவந்து எங்கள் மூன்று பேரையும் திட்டினாள்.

பொருந்திய செய்தி அவனுக்கும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

நவம்பர் 6, வியாழன்

சென்னையில் மழை. இங்கே திருச்சியில் வெயில். துவைத்த துணி காய்ந்துவிட்டது.

நவம்பர் 8, சனி

டயாலிசிஸ் முடித்து அண்ணனை வீட்டில் விட்டுவிட்டு அண்ணி இங்கே வந்தாள். வாழைப்பூ வடையும் ஒரு தூக்கு நிறைய ரசமும் கொண்டு வந்திருந்தாள். இனிமேல் நான் உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், வெளியில் சாப்பிடக் கூடாதாம்.

அண்ணிக்குச் சர்க்கரை உண்டு, அதனால் அவளைச் சோதனைக்கே எடுக்கவில்லை. "இந்தச் சனியன் மட்டும் இல்லன்னா நானே குடுத்துட்டுப் போயிருப்பேன், ஒன்னத் தொந்தரவு பண்ணியிருக்க மாட்டேன்" என்றாள். அவள் குரலில் பொய் இல்லை.

"கபிலன்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே என்று உடனே தோன்றியது. கபிலன் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஓசூரில் வேலை பார்க்கிறான்.

"டாக்டர் அவனையும் பாக்கலாம்னுதான் சொன்னாரு. பொண்ணு பாத்துட்டு இருக்கோமே அரசி. இந்த நேரத்துல வயித்தக் கிழிச்சிட்டு நிக்கற பையனுக்கு யாரு பொண்ணு தருவா? அவனுக்கு இனிமேதான எல்லாம் இருக்கு." ரசத்தைச் சிறிய பாத்திரத்துக்கு மாற்றிக்கொண்டே பேசினாள். "நீன்னா... ஒனக்கு என்ன, காலேஜு, இந்த வீடு, கம்ப்யூட்டரு. புருஷனா, புள்ளையா? எதுக்குன்னு ரெண்டையும் வெச்சிருக்கப் போற, சொல்லு?"

கேலி இல்லை. சண்டை இல்லை. ஒரு நடைமுறைக் கேள்வி மாதிரிதான் கேட்டாள். பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. காலி தூக்கைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டு, என் மேடையையும் ஒரு துடை துடைத்துவிட்டுப் போனாள்.

அண்ணி கெட்டவள் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது இருபது நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தவள்.

வடையை மூன்றாவது மாடிக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

பதினாறாம் தேதிக்கான எரிபொருள் திட்டங்களை அனுப்பினேன். முதல் சண்டை வழக்கம்போல் புவனேந்திரனிடமிருந்து. மலேசியாவில், கிள்ளானில் டயர்க்கடை வைத்திருப்பவர். அன்றைக்கு அவர் கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கு வருகிறார். மாலையில் குரல்வழி அழைத்தார்.

"என்னா சிஸ்டர், இவ்ளோ எண்ணெய் ஊத்தியிருக்கீங்க? நான் சென்னைக்குத்தான் போறேன், லண்டனுக்கு இல்ல லா."

"மழைக்காலம் சார். வானத்துல சுத்த வைப்பாங்க."

"கனத்துப்போச்சின்னா எண்ணெய் சுமக்கறதுக்கே எண்ணெய் போயிருமே."

அது உண்மைதான். அதனால்தான் கூடுதலாக ஒரு டன் போட்டாலும் அதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று நாரையின் தலைவர் ரெஜினால்டு விதி வைத்திருக்கிறார். நாகர்கோவிலில் பள்ளி ஆசிரியர், காரணமில்லாமல் எதையும் விடமாட்டார். கூடுதல் டன்னுக்கு நேராக 'மழை' என்று நான் எழுதியிருந்தேன்.

புவனேந்திரன் தாளை வரி வரியாகப் படித்துக்கொண்டே வந்தார். "சரி, இந்தக் கடைசிக் கையிருப்பு. இதுக்கு நேரா காரணமே போடலியே?"

"அதுக்குக் காரணம் கேக்க மாட்டாங்க."

"ஏன்?"

பதினோரு வருடமாகக் கணக்குப் போடுகிறேன். யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. "அது அப்படித்தான் சார்" என்றேன்.

"ஓகே லா. நீங்க போட்டது, நான் ஊத்திக்கிறேன். ஒங்கள நம்பித்தான் வர்றேன்."

'நம்பித்தான் வர்றேன்' என்று அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு முறை கணக்கைச் சரிபார்த்தேன்.

நவம்பர் 12, புதன்

மருத்துவமனையில் உறுப்பு மாற்றுப் பிரிவின் ஒருங்கிணைப்பாளர் நூர்ஜஹான் என்னைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றார். அண்ணியும் எழுந்தாள். "நீங்க வெளிய இருங்கம்மா" என்று அவர் கதவைச் சாத்திவிட்டார்.

என் வயதுதான் இருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பேசினார். இருபத்தாறாம் தேதி புதன்கிழமை அனுமதிக் குழு கூடும், கேமரா முன்னால் உட்கார வைத்துக் கேட்பார்கள், சொந்த விருப்பத்தில்தான் தருகிறேன் என்று நான் சொல்ல வேண்டும். அறுவையில் உயிருக்கு ஆபத்து பத்தாயிரத்தில் மூன்று பேருக்கு. ஒன்றை வைத்துக்கொண்டு நன்றாகவே வாழலாம், ஆனால் ஆயுளுக்கும் கவனம் வேண்டும்.

பத்தாயிரத்தில் மூன்று. வகுப்பில் நான் இதை மிகச் சிறிய எண் என்று சொல்லிக்கொடுப்பேன்.

"இப்ப நான் கேக்கறத எல்லாருகிட்டயும் கேப்பேன். ஒங்கள மட்டும்னு நெனைக்காதீங்க" என்றார். "ஒங்களுக்கு விருப்பம் இல்லன்னா எங்கிட்ட சொல்லுங்க போதும். காரணம் வேணாம். வீட்டுல, 'மருத்துவ ரீதியா ஒத்து வரல'ன்னு நாங்களே சொல்லிருவோம். யாருக்கும் தெரியாது. ஒங்கமேல பேச்சு வராது."

"அப்படி நெறய பேரு சொல்றாங்களா?"

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே அண்ணி, "என்ன கேட்டாங்க?" என்றாள். பிரஷர் பார்த்தார்கள் என்றேன். பார்க்கவும் செய்தார்கள். 148. மருத்துவமனை என்றதும் ஏறியிருக்கும் என்று நர்ஸ் சொன்னாள். இருந்தாலும் இருபத்து நான்கு மணி நேரம் கையில் கருவி கட்டிப் பார்க்க வேண்டுமாம்.

நவம்பர் 14, வெள்ளி

அத்தனை பேருக்கும் சென்னைக்கு மாற்று நிலையமாகத் திருச்சியைப் போட்டேன். பெங்களூரு தூரமில்லை, ஆனால் காலையில் பனிமூட்டம் இருக்கும். கொச்சி தொலைவு. திருச்சி என் ஊர். கே.கே. நகரில் என் ஜன்னலைத் திறந்தால் இறங்குகிற விமானத்தின் சக்கரம் தெரியும். ஒரு வாரமாக நீல வானம்.

நவம்பர் 16, ஞாயிறு

காலை ஒன்பது மணிக்கே அண்ணன் ஆட்டோ பிடித்து வந்துவிட்டான். "வீட்டுல ஒங்கண்ணி என்னப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுறா. ஒம் பிளேனு விளையாட்டயாவது பாக்குறேன்" என்றான். நாற்காலி போட்டுக் கொடுத்தேன். திரையில் வெயில் பட்டுக் கூசியதால் ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

ஏழு விமானங்கள் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்தன. ரெஜினால்டுதான் கட்டுப்பாட்டு அறை. பதினொரு மணிக்கு முதல் இரண்டும் இறங்கின. பிறகு சென்னையில் கொட்டத் தொடங்கியது. ஓடுபாதை தெரியவில்லை. மீதி ஐந்தையும் வானத்தில் சுற்றச் சொன்னார்.

"என்னடி, ஈ மாதிரி சுத்துதுங்க?"

"அதுக்குத்தாண்ணா கூட ஒரு டன் போட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னேன்.

அந்த டன் தீர்ந்ததும் ஒவ்வொருவராகத் திருச்சிக்குத் திரும்பினார்கள். மாற்று நிலையம் என்று தாளில் நான் எழுதியிருந்த ஊருக்கு ஐந்து பேரும் வந்தார்கள். புவனேந்திரன் நான்காவது.

அண்ணன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனவன் ஜன்னல் பக்கமிருந்து கூப்பிட்டான். "ஏய் அரசி, வெளிய பாத்தியா நீ?"

திரைச்சீலையை விலக்கிக்கொண்டு நின்றிருந்தான். எதிர் வீடு தெரியவில்லை. அவ்வளவு மழை. ஃபேன் சத்தத்திலும் ஹெட்போனிலும் எனக்கு எதுவும் கேட்டிருக்கவில்லை. மறுபடி திரையைப் பார்த்தேன். அங்கேயும் திருச்சி விமான நிலையம் தெரியவில்லை. ஜன்னலில் பெய்வதுதான் திரையில் பெய்துகொண்டிருந்தது.

முதல் ஆள் இரண்டாவது முயற்சியில் இறங்கினார். இரண்டாமவர் இறங்கினார். மூன்றாமவர் ஓடுபாதையைப் பிடிக்க முடியாமல் மேலே ஏறி, மறுபடி வரிசையில் தன் பழைய இடத்துக்கே வந்தார். நான்காவதாக நின்ற புவனேந்திரன் இன்னொரு சுற்று சுற்ற வேண்டியதாயிற்று.

"நாரை நாலு, எரிபொருள் எப்படி இருக்கு?" என்று ரெஜினால்டு கேட்டார்.

"இருக்கு, இருக்கு."

எனக்குத் தெரியும், இல்லை என்று. கடைசிக் கையிருப்பில் கை வைத்துவிட்டார். இதற்கென்று சொற்கள் இருக்கின்றன. 'மினிமம் ஃப்யூயல்' என்றால் இதற்குமேல் தாமதம் தாங்காது என்று பொருள். அதற்கும் அடுத்த கட்டம், கையிருப்பையே தொட்டுவிட்டால் கொடுக்கும் அபாயக் குரல், 'மேடே'. விமானி சொல்ல வேண்டும். அவர் வாயால் சொன்னால்தான் வரிசையை விலக்கி வழி விடுவார்கள். கட்டுப்பாட்டு அறை தானாக யூகித்துச் செய்யக்கூடாது, நான் அவருக்காகச் சொல்லவும் கூடாது. 'சொல்லுங்கள்' என்று தட்டச்சு செய்து அனுப்பினேன். 'உடனே சொல்லுங்கள்.'

"முன்னாடி ஆள் இருக்காரு சிஸ்டர். அவரு போகட்டும்" என்றார்.

மூன்றாமவர் இறங்கினார். புவனேந்திரன் ஓடுபாதைக்கு நேராகத் திரும்பும்போது முதல் என்ஜின் நின்றது. சிறிது நேரத்தில் இரண்டாவதும். புதுக்கோட்டை சாலைப் பக்கம் ஒரு வயலில் விழுந்து திரை உறைந்துபோயிற்று. ஐந்தாவது விமானம் எப்படியோ இறங்கியது, நான் பார்க்கவில்லை.

"செத்துட்டேன் லா" என்று அவர் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மலர்வளையப் படம் போட்டார்.

எனக்கு ஹெட்போனைக் கழற்ற வரவில்லை. அண்ணன்தான் கழற்றினான்.

"அடியே, அந்தாளு கிள்ளான்ல டீ குடிச்சிட்டு இருப்பாரு. ஒனக்கு ஏண்டி இப்படி ஒதறுது?"

"தெரியல."

சமையலறைக்குப் போய்க் காபி போட்டேன். அவனுக்கு அரை டம்ளர்தான், தண்ணீருக்கு டாக்டர் அளவு வைத்திருக்கிறார். குடித்துவிட்டு மழை விடும்வரை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தான். 

நவம்பர் 17, திங்கள்

நாரைக் குழுவில் மன்னிப்புக் கேட்டேன். தவறு என்னுடையது. சென்னையை மூடிய மேகம்தான் தெற்கே நகர்ந்து இங்கே வந்தது. வரைபடத்தில் அது வெள்ளிக்கிழமையே தெரிந்தது. நான் வரைபடத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தேன். ஒரே மேகத்தின் கீழ் இருக்கிற ஊர் மாற்று நிலையம் ஆகாது. இது பாலபாடம். போதாததற்கு ஏழு பேருக்கும் ஒரே ஊரைப் போட்டிருக்கிறேன்.

"விடுங்க மேடம். நாம என்ன ஆளையா கொன்னோம்?" என்றார் ரெஜினால்டு. புவனேந்திரன், "அடுத்த மாசம் மறுபடி செத்துப் பாக்கலாம் சிஸ்டர்" என்றார்.

அப்பாவுக்கும் பிரஷர்தான். அப்பாவுக்கும் கடைசியில் சிறுநீரகம்தான் போயிற்று.

இதை ஏன் இங்கே எழுதினேன் என்று தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மெஷின் ஓடத் தொடங்கி அரை மணி இருக்கும். அண்ணன் கண்ணை மூடியிருந்தான், தூங்குகிறான் என்று நினைத்துத் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

"ஒங்கண்ணி ஏதாச்சும் சொன்னாளா?" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"என்னன்னு?"

"நடிக்காதடி."

சிவப்புப் பேனாவை மூடினேன்.

"நான் ஒங்கிட்ட கேக்கலன்னு தப்பா நெனைக்காத. கேட்டா நீ இல்லன்னு சொல்ல மாட்ட. அதான் கேக்கல."

"கேக்காம இருந்தா?"

"ம்?"

"கேக்காம இருந்தா நான் என்ன பண்ணணும்?"

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். அவனுக்கு அந்தக் கேள்வி புரியவில்லை என்று முதலில் நினைத்தேன். புரிந்திருக்கும். "கேக்கறதுக்கு வாய் வரல அரசி" என்றான். "பஸ்ஸு கம்பெனியில இருவது வருஷம், டிரைவர் லீவ ரத்து பண்ணியிருக்கேன், கண்டக்டர் கால்ல விழுந்தாலும் இறங்கினதில்ல. இது வரல."

நர்ஸ் வந்து பிரஷர் பார்த்தாள். அவனுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. கால்மாட்டை உயர்த்தினாள். அவன் உதடு வெளுத்திருந்தது. போர்வையை இழுத்துவிட்டேன். பாதம் இரண்டும் சில்லென்று இருந்தன. அவனுக்குக் கால் குளிர்ந்தால் பிடிக்காது, சின்ன வயதிலிருந்தே.

அடுத்த நாற்காலிக்காரர் இன்று வரவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

நவம்பர் 20, வியாழன்

நேற்று முழுவதும் கையில் கருவி. அரை மணிக்கு ஒரு தடவை புஸ்ஸென்று ஊதி இறுக்கும். வகுப்பில் திட்ட விலக்கம் நடத்திக்கொண்டிருக்கும்போது ஊதியது. முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மேம், காத்தடிச்சுக்கிட்டே பாடம் எடுக்குறீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான். சிரித்ததையும் அது பதிவு செய்திருக்கும்.

நவம்பர் 21, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. சராசரி சரியாக இருக்கிறதாம். நான் முழுத் தகுதி. டாக்டர் கைகுலுக்கினார்.

அண்ணி தாழ்வாரத்திலேயே எனக்கு விபூதி பூசினாள். குழு சம்மதித்ததும் மார்கழி பிறப்பதற்கு முன்பே நாள் குறித்துவிடலாம் என்றாள். கல்லூரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். "எந்திரிச்சப்புறம் மூணு மாசம் எங்க வீட்டுலதான் நீ. ஒரு துரும்ப எடுக்க விடமாட்டேன்."

ஆட்டோவில் வரும்போது எனக்கு என்ன ஆயிற்று என்று நேர்மையாக எழுத வேண்டும். ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது ஒன்று கெட்டுப்போயிருக்கும் என்று நம்பியிருந்திருக்கிறேன். என் உடம்பு எனக்காகப் பேசிவிடும் என்று.

நவம்பர் 22, சனி

கபிலன் போன் செய்தான்.

"அத்தை, ரொம்ப... என்ன சொல்றதுன்னே தெரியல அத்தை."

"சாப்டியா?"

"ம். நானே டெஸ்ட் குடுக்கறேன்னு அப்பாகிட்ட சொன்னேன் அத்தை. அம்மாதான் விடல."

"அப்பாகிட்ட சொன்னியா?"

 பின்னால் யாரோ இவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சொல்லணும்னு நெனச்சேன் அத்தை."

"சரிடா."

நல்ல பையன். பொய் சொல்லத் தெரியவில்லை. பயம் மட்டும் தெரிகிறது, எங்கள் எல்லோரையும் போல.

நவம்பர் 23, ஞாயிறு

அடுத்த பறப்புக்குத் திட்டம் கேட்டு ரெஜினால்டு எழுதியிருந்தார். புவனேந்திரனுக்கு இந்த முறை மாற்று நிலையம் கோயம்புத்தூர், மேகத்துக்கு அந்தப் பக்கம். கணக்குப் போட்டு முடிக்கிற நேரத்தில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் குழுவில் ஒரு கேள்வி போட்டிருந்தார். 'ஒவ்வொரு தடவையும் யாரும் பயன்படுத்தாமலே மிச்சமாகிற அந்த அரை மணிக் கையிருப்பு வீண்தானே? குறைத்துக்கொள்ளலாமா?'

என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். வீண் இல்லை என்று எழுதி, ஏன் என்று விளக்கத் தொடங்கினேன். நான்கு வரி எழுதி அழித்தேன். மறுபடி எழுதி அழித்தேன். கடைசியில் 'குறைக்க முடியாது' என்று மட்டும் அனுப்பினேன்.

ரெஜினால்டு ஒரு கட்டைவிரல் போட்டார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நான் வெகுநேரம் அந்த இரண்டு சொற்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம் சொல்லாமல் நான் யாரிடமும் முடியாது என்று சொன்ன ஞாபகம் இல்லை. சினிமாவுக்கு வரவில்லை என்றால்கூடத் தலைவலி என்றாவது சொல்வேன்.

நவம்பர் 24, திங்கள்

காலையில் நூர்ஜஹான் அழைத்தார். "நாளன்னைக்குக் குழு. எங்கிட்ட ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார். "இன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் சொல்லலாம். நான் பாத்துக்கறேன்" என்றார். நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

மூன்றாவது மணி வகுப்பில்லை. ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவர் தருவதாகச் சொன்ன வழியை யோசித்தேன். உடம்பு ஒத்துவரவில்லை என்று ஒரு தாள். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள், எனக்கு என்ன நோயோ என்று கோயில் கோயிலாக நேர்ந்துகொள்வாள். அண்ணன் தன் உடம்பை விட்டுவிட்டு என் உடம்பைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவான். நானும் ஆயுளுக்கும் நோயாளியாக நடிக்க வேண்டும். எல்லோருக்கும் சௌகரியம். யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டோம், யாரும் யாருக்கும் இல்லை என்று சொல்லியிருக்கவும் மாட்டோம்.

மாலை முழுவதும் போனை எடுக்கவில்லை. சாயங்காலம் போய்விட்டது.

நான் தரப்போவதில்லை.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன், இடி ஒன்றும் விழவில்லை. காரணம் தேடினால் கிடைக்கும். அப்பாவின் பிரஷர், என் 148, பத்தாயிரத்தில் மூன்று. ஒன்றும் உண்மையான காரணம் இல்லை. டாக்டர் என்னைத் தகுதி என்கிறார், நான் நம்புகிறேன். எனக்கு அது வேண்டும். எதற்கு என்று அண்ணி கேட்டாள். தெரியாது. புருஷனுக்கு இல்லை, பிள்ளைக்கு இல்லை. எனக்கு.

அண்ணன் செத்துப்போகலாம். அதையும் எழுதிவிட வேண்டும். அரசுப் பட்டியலில் பெயர் இருக்கிறது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை இந்த மெஷின்தான். கபிலனைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லப்போவதில்லை, அது அவன் பாடு. வியாழனும் சனியும்கூட நானே வருகிறேன் என்று சொல்லப்போகிறேன். அண்ணி அதற்குப் பிறகு என்னை உள்ளே விட்டால்.

குழுவின் முன்னால் கேமராவில் சொல்லி, அது தாளாக அண்ணனிடம் போய்ச் சேர விடக்கூடாது. நாளைக்குச் செவ்வாய், என் முறை. ஊசி குத்தி, மெஷின் ஓடத் தொடங்கி, நர்ஸ் அந்தப் பக்கம் போனதும் சொல்லிவிடுவேன். வார்த்தை இன்னும் அமையவில்லை. 'இல்லண்ணா' என்று தொடங்கலாம். அவன் கத்தலாம், திட்டலாம், சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். எழுந்து போக மட்டும் முடியாது, நான்கு மணி நேரம் இருக்கிறது.

நானும் எழுந்து போகமாட்டேன்.